துப்பாக்கி மட்டும் காரணமில்லை: பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

ஐரோப்பியர் எப்படி இத்தனை போர்களில் வென்றார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், நாம் சட்டென்று எடுத்து நீட்டும் விடைகள் இரண்டு. அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. நம்மிடம் ஒற்றுமை இல்லை. துப்பாக்கி துருக்கியரிடமும் முகலாயரிடமும் ஜப்பானியரிடமும் இருந்தது. ஒற்றுமை என்று பார்த்தால், தங்களுக்குள் ஓயாமல் அடித்துக்கொண்டவர்கள்தான் ஐரோப்பியர். இந்த இரண்டு விடைகளோடு பிள்ளைகளை அனுப்பிவிடாமல், வெற்றிக்குப் பின்னால் இருந்த பண்பாட்டையும் சொல்லுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நெதர்லாந்து ஸ்பெயினை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தபோது, 1594 டிசம்பர் 8 அன்று, வில்லெம் லோடவைக் தம் ஒன்றுவிட்ட சகோதரரான தளபதி மௌரிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழங்காலப் போர்நூல் ஒன்றைப் படித்தபோது தோன்றிய யோசனை அதில் இருந்தது. துப்பாக்கி வீரர்களைப் பல வரிசைகளாக நிறுத்த வேண்டும். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மறுபடி வெடிமருந்து கெட்டிக்கும். அதற்குள் அடுத்த வரிசை சுடும். விளங்குவதற்காகப் படமும் போட்டிருந்தார். மௌரிட்ஸ் லைடன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஏட்டில் கண்டதைக் களத்தில் செய்து பார்க்க அவர் தயங்கவில்லை.

1607இல் யாகோப் டெ ஹெய்னின் சித்திரங்களோடு ஒரு கவாத்து நூல், அதாவது படைப்பயிற்சி நூல், வெளிவந்தது. மஸ்கட் துப்பாக்கிக்கு மட்டும் 43 நிலைகள். குழலில் மருந்தைக் கொட்டுகிறான், கோலால் இடிக்கிறான், எரியும் திரியை ஊதிக் கனல வைக்கிறான். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு படம். எழுத்தறியாத வீரனும் பார்த்துப் பழகிவிடலாம். நாள்தோறும் கவாத்து, அரண் தோண்டக் கையில் மண்வெட்டி, தவறாத சம்பளம் என்று அந்தப் படை வளர்ந்தது. சம்பளம் சின்ன விஷயமல்ல. சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்த ஸ்பெயினின் வீரர்களே 1576இல் ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடினார்கள். பண்பாடு என்று நான் சொல்வது இவற்றைத்தான்: பழைய நூல்மீது மதிப்பு, அச்சகம், ஒழுங்கான வரவு செலவு, சலிக்காத பயிற்சி.

இதையெல்லாம் ஐரோப்பியரின் பிறவிக் குணமாக எழுதிவிடாதீர்கள். 1746இல் அடையாற்றங்கரையில் பாரடிஸ் நடத்திவந்த பிரெஞ்சுப் படை ஆயிரம் பேரைக்கூடத் தொடவில்லை. எதிரே ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான் ஏறத்தாழ 10,000 பேரோடு நின்றார். சிதறியது நவாபின் படைதான். ஆனால் பாரடிஸோடு நின்றவர்களில் கவாத்துப் பழகிய இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பிறகு 1780இல், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லியுடைய படையை நிர்மூலமாக்கினார்கள். பழகினால் எவருக்கும் வரும் வித்தை அது.

அந்த வித்தை எதற்குப் பயன்பட்டது என்பதையும் மறைக்க வேண்டாம். 1621இல் டச்சுக் கம்பெனியின் ஆளுநர் கூன், சாதிக்காய் வணிகத்தை முழுதாகக் கைப்பற்ற இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமைகளாக நாடுகடத்தியும் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கினார். கவாத்தைப் பாராட்டும் பாடத்தில் பண்டா இல்லையென்றால் அது பாதிப் பாடம்.

அடுத்த பதிப்பில் அந்த 43 படங்களில் நான்கைந்தையாவது அச்சிடுங்கள். அடையாற்றுக்கும் பொள்ளிலூருக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் இடம் ஒதுக்குங்கள். இரண்டு களங்களுக்கும் நடுவே இருந்த 34 ஆண்டுகளில் என்ன மாறியது என்ற கேள்வியைப் பயிற்சிப் பகுதியில் வையுங்கள். விடையைப் பிள்ளைகள் தேடட்டும்.

அன்புடன்,
ஒரு வரலாற்று வாசகர்