தலைக்கு மேல் நிற்கும் கட்டடத்துக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் சன்ஷேடு பெயர்ந்து, கீழே பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் தோள் எலும்பை முறித்துவிட்டது. “அங்கே உட்காரச் சொன்னது யார்?” என்று கேட்டார் கட்டடக்காரர். கூடி நின்றவர்களும் அதற்குத் தலையாட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1951-ல் டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்தார்கள். அதன் வயது சுமார் 80. அதைக் கட்டிய சாந்துக்கு ஆயுள் 40, 45 ஆண்டுகள்தான் என்று பொறியாளரே சாட்சி சொன்னார். சாலையோரக் கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருப்பது உரிமையாளரின் கடமை, பழுது கண்ணில் படவில்லை என்பதால் பொறுப்பு நீங்காது என்று 1966-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம், ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், 1997-ல் மாநகராட்சியைப் பொறுப்பாக்கவில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் சன்ஷேடு தானாக முளைத்த மரம் அல்லவே!

கட்டட மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: சன்ஷேடு திடீரென்று விழாது. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும். மயிரிழை விரிசல் விடும், பழுப்புக் கறை இறங்கும், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். பார்க்க மனமிருந்தால் போதும்.

அந்த அம்மா உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். ஆபத்தான கட்டடங்களைச் சரிசெய்ய உத்தரவிடும் அதிகாரம் மாநகராட்சிக்கும் உண்டு. ஐப்பசி மழைக்கு முன் கடைத்தெரு முழுவதையும் ஆய்வு செய்யுமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
கும்பகோணம்