லார்ச் உத்தரம் எடுப்பதற்கு முன்னால்

திருவிடைமருதூர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். ஆஸ்திரியாவில் உன் தோட்டத்தில் போடப்போகும் பந்தலுக்கு நீ அனுப்பிய மரப் பட்டியல் எதிரில் கிடக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் வேறு பேச்சு.

பட்டியல் சுத்தமாக இருக்கிறது பாப்பா. 12-க்கு 12 செ.மீ. தூண், இரண்டரை மீட்டரில் 4. 12-க்கு 20-ல் நாலரை மீட்டர் உத்தரம் 2. 6-க்கு 12-ல் மூன்றரை மீட்டர் கைமரம் 9. கூட்டினால் 0.587 கன மீட்டர், நம்ம கணக்கில் 21 கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. தூணுக்குத் தூண் 4 மீட்டர் என்றால் உத்தரத்தின் உயரம் அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 20 செ.மீ., அதையும் சரியாகப் பிடித்திருக்கிறாய். மேலே வெறும் கொடி படரும் பந்தலுக்கு இது தாராளம். மரவாடி வீட்டுப் பெண் போட்ட பட்டியல் என்று பார்த்தவுடன் தெரிகிறது.

ஆனால் எடையை எழுதவில்லை. நீ எடுக்கப்போகும் லார்ச் அந்த ஊர் ஊசியிலை மரம், காய்ந்தது ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 600 கிலோ. உன் உத்தரம் ஒன்று 65 கிலோ வரும். அறுத்த ஈரத்தோடு வந்தால் 80-ஐத் தாண்டும். தூண் 21, 22 கிலோதான், அதை நீயே நகர்த்திவிடுவாய். உத்தரத்தை நகர்த்த முடியாது. மறுமுனையை யார் பிடிக்கிறார்கள் என்பதையும் பட்டியலிலேயே எழுதிக்கொள்.

இனி மரத்துக்கு வருகிறேன். நீ சின்ன வயதிலிருந்து பார்த்ததெல்லாம் பனங்கை. பனைக்கு வைரம் வெளியே, உள்ளே சோறு. வெளி ஓரத்துக் கறுப்பு நாரைப் பார்த்து எடுத்தே நமக்குக் கண் பழகிவிட்டது. லார்ச் இதற்கு நேர் எதிர். வைரம் உள்ளே, செம்பழுப்பாக இருக்கும். பட்டையை ஒட்டி ஒன்றிரண்டு விரல் அகலத்துக்கு வெளிர் மஞ்சளாக ஓடுவது வெள்ளை. அந்த வெள்ளைக்கு ஆயுள் கிடையாது. ஐரோப்பியத் தர அட்டவணையில் பூஞ்சணத்தைத் தாங்கும் சக்தியை 1 முதல் 5 வரை வகுத்திருக்கிறார்கள், 1 உசத்தி. முற்றிய காட்டுத் தேக்கு 1. லார்ச்சின் வைரம் 3-க்கும் 4-க்கும் நடுவே. எந்த மரமானாலும் வெள்ளை 5. ஆகவே லார்ச் என்று பெயர் எழுதியிருந்தால் மட்டும் போதாது, கட்டையின் நாலு மூலையையும் பார். ஒரு மூலையில் மெல்லிசாக மஞ்சள் ஓடினால் பரவாயில்லை, அந்தப் பக்கத்தை மழை படாத உள்முகமாகத் திருப்பிவிடலாம். பாதி அகலத்துக்கு மஞ்சள் என்றால் வேண்டாம். அங்கே கரையான் தொல்லை இல்லை, சரி. ஆனால் ஊசியிலை மரத்தின் வெள்ளையை மட்டும் குடைந்து தின்னும் நீள்கொம்பு வண்டு அங்கே உண்டு.

எங்கே வளர்ந்தது என்று கேள். கால்வாய்க் கரைத் தேக்கு தண்ணீர் குடித்துக் குடித்து மளமளவென்று பருக்கும், இளமரத்தில் வெள்ளை அகலமாக நிற்கும், நாம் அதை நிலைக்கு எடுக்கவே யோசிப்போம். லார்ச்சிலும் அதே கதைதான். பள்ளத்தாக்கில் கொழுத்து வளர்ந்ததற்கு வளையம் அகலம். மலை உச்சிப் பக்கம் குளிரில் மெதுவாக வளர்ந்ததற்கு வளையம் நெருக்கம், எடையும் கூடுதல். நீ இருக்கும் டிரோல் மலைப் பகுதியிலேயே மலை லார்ச் கிடைக்கும், அதை விட்டுவிட்டுத் தூரத்துச் சரக்கைத் தேடாதே. சைபீரிய லார்ச் இன்னும் கெட்டிதான். ஆனால் 2022 முதல் ரஷ்ய மரம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரத் தடை. இன்றைக்கும் ஒருவர் அந்தப் பெயரில் விற்றால் எந்த நாட்டுக் காடு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்.

மில்லில் நிற்கும்போது முதலில் கட்டையின் வெட்டு முகத்தைப் பார். வளையங்களின் நடுப்புள்ளி, மரத்தின் நெஞ்சு, கட்டைக்குள்ளேயே அடைபட்டிருந்தால் அது காயும்போது நிச்சயம் வெடிக்கும். தூணுக்கு அது பெரிய குறை இல்லை, வெடிப்பால் பலம் போகாது, பார்வைக்குத்தான் கேடு. உத்தரத்துக்கு நெஞ்சு நீக்கி அறுத்ததாகவோ, நெஞ்சை இரண்டாகப் பிளந்து அறுத்ததாகவோ கேள். அடுத்து பக்கவாட்டில் ஓடும் மயிர்வெடிப்பைக் கவனி. வெடிப்பு நேராக ஓடினால் நார் நேர். சாய்ந்து, கட்டையைச் சுற்றி ஏறினால் அந்த மரத்துக்கு முறுக்கு இருக்கிறது. லார்ச்சில் முறுக்கு அதிகம் வரும். அப்படிப்பட்ட தூண் ஒரு கோடை கழிவதற்குள் திரும்பிக்கொள்ளும், கழுந்தை, அதாவது துளைக்குள் இறங்கும் முனையை, நெம்பிக்கொண்டு உத்தரத்தையும் இழுக்கும். 2018 நவம்பரில் கஜா அடித்துச் சாய்த்த மரங்களைப் பச்சையாகவே அறுத்துக் கூரைக்கு ஏற்றியவர்கள் வீட்டில் ஓட்டுக்கு நடுவே வானம் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

கணு இல்லாத லார்ச் கிடைக்காது, தேடவும் வேண்டாம். மரத்தோடு ஒட்டிய சிவப்புக் கணு நல்லது. சுற்றிக் கறுப்பு வளையம் விட்டு ஆடுகிற கணு செத்த கணு, விழுந்துவிடும். பெரிய கணு உத்தரத்தின் நடுப்பகுதியில் அடி விளிம்பில் வரக் கூடாது, பாரம் ஏறும்போது இழுபடுவது அந்த இடம்தான். அந்த விளிம்பை மேலே திருப்பி வை. கட்டையில் லேசான வில் இருந்தால் அதன் முதுகும் மேலே வரட்டும். பாரத்தில் தானாக அடங்கும். கணுவும் வில்லும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றால் அந்தக் கட்டையை உத்தரத்துக்கு எடுக்காதே.

ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் மீட்டர் அங்கே எந்தக் கடையிலும் இருக்கும். வெட்டு முகத்தில் குத்தாதே, அது முதலில் காய்ந்து பொய் சொல்லும். முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளிக் குத்து. மீட்டர் இல்லையென்றால், தூணின் ஒரு முனையை வீட்டுத் தராசில், மறுமுனையை அதே உயரக் கட்டையில் வை. தராசு 11 காட்டினால் காய்ந்த மரம். 15 காட்டினால் ஈரம். ஈரத்தோடு வேலை செய்தால் 12 செ.மீ. கட்டை காய்ந்து முடியும்போது அகலத்தில் நாலைந்து மி.மீ. சுருங்கும், நீ இறுக்கமாக அடித்த கழுந்து ஆடும். ஈரமாகத்தான் கிடைத்தது என்றால் வெட்டு முகங்களில் மெழுகு தடவி, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி, அடுக்குக்கு நடுவே ஒரே கனத்தில் ரீப்பர் வைத்து, ரீப்பர்களை ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக அடுக்கி, மேலே மட்டும் மூடு. பக்கத்தை மூடாதே. அடுக்கு வைக்கவும் இரண்டு பேர் வேண்டும் பாப்பா.

கே.வி.எச். என்று கட்டுக்கட்டாக விற்பதை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். சூளையில் காய வைத்தது, ஈரம் 15 பக்கம், பலம் சி24 என்று முத்திரை இருக்கும், நேராகவும் இருக்கும். ஆனால் அது துண்டுகளை விரல்விரலாகக் கோத்துப் பசை போட்ட கட்டை. வீட்டுக்குள்ளும் கூரைக்கு அடியிலும் வைக்கத்தான் அது. உன் பந்தல் திறந்த மழையிலும் பனியிலும் நிற்கப் போகிறது. முழுக்கட்டையே எடு.

தூணை மண்ணில் நடாதே. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். வெனிஸ் நகரத்துக்கு அடியில் லார்ச் முளைகள் இருக்கின்றன என்று யாராவது சொல்வார்கள். அவை காற்றே படாமல் நீரிலும் சேற்றிலும் முழுகிக் கிடக்கின்றன. தோட்டத்து மண்ணில் ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும், தரைமட்டத்தில் அரைச்சாண் இடத்திலேயே உளுத்து ஒடியும். நம்ம வீட்டுத் திண்ணைத் தூணைப் பார், கருங்கல் பீடத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, இன்றைக்கும் அடிக்கட்டையில் உளி இறங்காது. அந்தப் பீடத்தின் வேலையை அங்கே துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கி செய்யும். கான்கிரீட் அடி 80 செ.மீ. ஆழத்துக்குக் குறையக் கூடாது, உங்கள் குளிருக்கு ஒரு மீட்டர் என்று மேஸ்திரி சொன்னால் கேள். மண்ணுக்குள் தண்ணீர் உறைந்து உப்பினால் தூணைத் தூக்கிவிடும். மரத்தின் அடிமுகத்துக்கும் தரைக்கும் இடைவெளி 30 செ.மீ. சுற்றிச் சரளை கொட்டினால் மழைத்துளி தெறிப்பது குறையும், அப்போது 15 போதும்.

காய்கறிப் பாத்திக்கும் லார்ச் பலகை கேட்டிருக்கிறாய். 4 செ.மீ. கனத்துக்குக் குறையாமல் எடு, மண் தொடும் உள்பக்கம் குமிழ் பிளாஸ்டிக் தாளைக் குமிழ் மரத்தின் பக்கமாக வைத்து அடி, அடியில் கல் வரிசை போடு. பாத்திக்கு முளை அடிக்க வேண்டுமென்றால் ரோபினியா வாங்கு, மண்ணைத் தாங்கும் மரம் அங்கே அதுதான்.

திருகு முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. கடுக்காய் ஊறிய தண்ணீரில் துரு ஆணி விழுந்தால் எப்படி மையாகக் கறுக்குமோ, ஈர லார்ச் சாதாரண இரும்பைத் தொட்டால் அப்படிக் கறுக்கும், அந்தக் கறை இழைத்தாலும் எளிதில் போகாது. கட்டைக்குப் பக்கத்தில் நின்று இரும்பு அறுக்காதே, பறக்கும் தூள் ஒவ்வொன்றும் ஒரு கரும்புள்ளி ஆகும். முனைக்கு அருகே திருகு போடும் இடத்தில் எல்லாம் முதலில் துளை போடு, 8 மி.மீ. திருகுக்கு 5 மி.மீ. துளை. போடாவிட்டால் லார்ச் பிளக்கும். வார்னிஷ் வேண்டாம், வெயிலில் உரிந்து அடியில் நீர் கோக்கும். சும்மா விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறம் ஏறும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. முதல் சில மழைக்குப் பழுப்புத் தண்ணீர் சொட்டும், கீழே வெள்ளைக் கல் பாவுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடு.

தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே முட்டுக்கை போட மறந்திருக்கிறாய். படத்தில் ஒன்றுகூட இல்லை. 70 செ.மீ. நீளத்தில், 45 பாகையில், ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு திசையிலும். முட்டுக்கை இல்லாத பந்தல் காற்றுக்குச் சாயும். இந்த மாதிரி விஷயங்களை மாப்பிள்ளை விடவே மாட்டார், அவர் போட்ட படங்களை இன்றும் அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள். இந்தப் படம் முழுக்க உன் கையெழுத்தாகவே இருக்கிறது. மரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். சித்திரையிலிருந்து அம்மா போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் வேலை விஷயமாக எங்காவது போயிருந்தால் அதையாவது சொல். எப்படி இருந்தாலும் சொல்லலாம், எங்களிடம்தானே.

பின்னாளில் மேலே கண்ணாடியோ தகடோ போட நினைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. பனிப் பாரம் வேறு, வீட்டுக் கூரையிலிருந்து சரிந்து விழும் பனி வேறு. அங்கே இருக்கும் இன்ஜினியரிடம் கொடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் மரம் வாங்க வேண்டும்.

ஏற்றுகிற நாளைப் பற்றிச் சொல்கிறேன். நாலு தூணையும் தாங்கியில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் ரீப்பரால் தற்காலிக முட்டுக் கொடு. பிறகுதான் உத்தரம். ஒரு முனையை ஏணியில் சாய்த்துவிட்டு மறுமுனைக்கு ஓடலாம் என்று நினைக்காதே. முதல் முனை உருளும், 65 கிலோவும் கால்மேல் வரும். ஆளுக்கொரு சாரப்பலகை, முனைக்கு ஒருவர், நடுவில் இன்னொருவர் இருந்தால் நல்லது. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர் அதற்குத் தூக்க வேண்டும். உட்கார்ந்தவுடன் திருகை இறுக்கிவிட்டுத்தான் கை எடுக்க வேண்டும்.

சித்தப்பா மகன் மியூனிக்கில்தான் இருக்கிறான், உன் ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் பிடிக்காது. அவனிடம் பேசிவிட்டேன், சனி ஞாயிறு இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறான். அவனிடம் வேறு ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியாது. மில்லில் மரம் எந்தத் தேதிக்குத் தருகிறார்கள் என்று கேட்டு எழுது, அவன் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அப்பா