ஜப்பான் டீச்சரைக் குடிவைத்தவர்களுக்கு நன்றி

காரைக்குடி வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் இப்போது பால் வாங்கவும் பஸ் ஏறவும் துணை தேடுவதில்லை. அதற்குக் காரணமானவர்களுக்கே இந்த மடல். நாளைக்கு இன்னொருவருக்கு வீடு விடுகிறவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி வீட்டுக்கார ஆச்சிக்கு. வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர்தான் இன்னார் தங்குகிறார் என்று அரசுக்குச் சொல்லும் படிவத்தை (சி படிவம் என்பது பழகிய பெயர்) ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அதற்கான கணக்குக்கு ஒப்புதல் கிடைக்கவே நாளாகும் என்பதால், டீச்சர் விமானம் ஏறுவதற்கு முன்பே பேத்தியை உட்காரவைத்துப் பதிந்துவிட்டார்கள் ஆச்சி. கடல்கடந்து கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போன குடும்பம், கடுதாசி விஷயத்தில் ஏமாறுமா?

180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசா என்றால் 14 நாளுக்குள் இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத் தளத்தில் பதிவும் உண்டு. அங்கேதான் சிக்கல் வந்தது. வாடகைப் பத்திரத்தில் நம் வழக்கப்படி இனிஷியல் போட்டுப் பெயர் அடித்திருந்தது. பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் தனி, சொந்தப் பெயர் தனி. இரண்டும் ஒத்துப்போகாததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்துக்கொடுத்து, காசும் வாங்க மறுத்த பத்திர எழுத்தர் அண்ணனுக்கு நன்றி. அந்தப் பதிவு வந்த பிறகுதான் பேங்க் கணக்கு, அதற்குப் பிறகுதான் போனில் ஜிபே. அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்த மளிகைக்கடைக்காரருக்கும் நன்றி.

எலெக்ட்ரீசியன் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. தம்பி ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தார். ‘100–240’ என்றிருந்த சார்ஜர்கள் வெளியே வந்தன. வெறும் 100 போட்டிருந்த ரைஸ் குக்கர் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. செருகியிருந்தால் புகைதான்.

வளவை (வீட்டு நடுமுற்றத்தை ஒட்டிய கூடத்தை) துடைக்க டீச்சர் பாத்ரூம் ஆசிட்டை எடுத்த நேரத்தில் கையைப் பிடித்த அக்காவுக்கு ஆச்சி சார்பிலும் நன்றி. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவெல்லாம் நிறம் கலந்த சிமெண்ட். ஆசிட் அதைத் தின்றுவிடும். வெறுந்தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் துணியில் சொட்டுத் தேங்காயெண்ணெய், அவ்வளவே. எண்ணெய் கூடினால் ஆள் வழுக்கி விழுவார்.

காரம் குறைத்துக் குழம்பு வைத்த மெஸ்காரருக்கும், அதையும் மீறி வயிறு போனபோது ஓடிவந்த நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. குடிக்கக் கொடுத்த உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குக் கொதித்தாறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எல்லாம் தலைதட்டி. உப்பு மட்டும் கூடவே கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஆதாருக்கு 182 நாள் தங்கியிருக்க வேண்டும், அது மெதுவாக ஆகட்டும். ஐப்பசி மழைக்குள் அந்த நெட்டை ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவருக்கான நன்றியை இப்போதே எழுதிவைக்கிறோம்.

அன்புடன்,
டீச்சருக்குத் துணைநின்ற குழுவினர்
காரைக்குடி