டியூபைக் கண்ணில் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்து கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்ததைப் படித்தேன். யாருக்குச் செய்யலாம், எவ்வளவு செலவாகும், பிறகு எதைச் சாப்பிடலாம் என்று எல்லாம் வந்திருந்தது, ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஒருவர் தூக்கம் வராமல் எதை நினைத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துப் படுத்திருப்பாரோ அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் தையல்காரி, கத்திக்கும் ஊசிக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. எனக்குப் பயம் டியூப்தான்.

திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். வயது 43, உயரம் 155 செ.மீ., ஆபரேஷனுக்கு முன்னால் எடை 118 கிலோ, கூடவே 9 வருடமாகச் சர்க்கரை. பெடல் மிதிக்க முடியாமல் மிஷினுக்கு மோட்டார் போட்டேன், பிறகு மோட்டார் மிஷின் முன்னாலும் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்றானபோதுதான் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே எனக்குச் செய்தது ஸ்லீவ் ஆபரேஷன், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பிளவுஸுக்கு ஸ்லீவ் வைத்தவளுக்கு ஸ்லீவ் ஆபரேஷனா என்று என் மகள் சிரித்தாள், எனக்குத்தான் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் யாராவது போன் செய்து "டியூப் போட்டுட்டாங்களாம்" என்று சொன்னால் கேட்கிறவர் கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். நாலு நாள் கழித்து வருகிற அடுத்த போனில் "எப்ப எடுக்கிறாங்க" என்பார்கள், அது டியூபைப் பற்றிய கேள்வி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவை அப்படித்தான் பார்த்தேன். வாயில் ஒன்று, மூக்கில் ஒன்று, வாயில் இருந்ததை நகராமல் ஒட்டிய பிளாஸ்திரி மீசையின் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் மறந்தாலும் அந்த மீசை மறக்காது. போதாததற்கு 2024-ல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இந்த எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போய் உயிரிழந்த செய்தி வேறு. நான் ஆபரேஷன் என்று வாயைத் திறந்தாலே சொந்தக்காரர்கள் அந்தச் செய்தியைத்தான் எடுத்துப் போட்டார்கள். அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன், எந்த ஆபரேஷனிலும் ஆபத்து இருக்கிறது, அது இல்லை என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை.

முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் வந்தார், நாலு பக்க இங்கிலீஷ் பேப்பரை நீட்டினார், "டியூப்லாம் போடுவோம்மா, சைன் பண்ணிடுங்க" என்றார். எந்த டியூப், எங்கே, எத்தனை நாள் என்று கேட்பதற்குள் அடுத்த ரூமுக்குப் போய்விட்டார். ஒரு பிளவுஸுக்கு லைனிங் வேண்டுமா, கழுத்து எவ்வளவு இறக்கம், ஹூக் முன்னாலா பின்னாலா என்று பத்து கேள்வி கேட்டுவிட்டுத்தான் நான் துணியில் கத்தரியை வைப்பேன். கிளம்பிவிடலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன், அப்போதுதான் நைட் டியூட்டி சிஸ்டர் வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. "அக்கா, பையை வைங்க, காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், தேதி முடிந்து ஒதுக்கி வைத்திருந்த நாலைந்து பாக்கெட்டைக் கொண்டுவந்து என் போர்வை மேலேயே பிரித்துப் போட்டார்.

முதலில் எடுத்தது மருந்தும் டிரிப்ஸும் ஏற்றக் கையில் குத்துகிற வென்ஃப்ளான். ஊசி கைக்குள்ளேயே இருக்கும், கையை மடக்கினால் நரம்பைக் கிழித்துவிடும் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். ஊசி உள்ளே நுழைத்துவிடத்தான், நரம்பில் இடம் கிடைத்ததும் அதை உருவி எடுத்துவிடுகிறார்கள், உள்ளே தங்குவது மெத்தென்ற ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும். என்ன, என்னைப் போல் உடம்பு இருந்தால் நரம்பு சட்டென்று அகப்படாது, எனக்கு மூன்று இடத்தில் குத்தினார்கள், வலித்தது.

அடுத்தது யூரின் டியூப். விரலில் சுற்றிப் பார்த்தேன். பிளவுஸ் கழுத்துக்குப் பைப்பிங் வைப்போமே, உள்ளே கயிறு கொடுத்து, அதைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். பாக்கெட் மேல் 14 என்று போட்டிருந்தது. அது என்ன அளவு, இன்ச்சா, மில்லி மீட்டரா என்று கேட்டேன், தொழில் புத்தி. பிரெஞ்ச் என்றார் சிஸ்டர். புதுச்சேரியில் டியூபுக்குக்கூட பிரெஞ்சா என்று அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மகள் போனில் பார்த்துச் சொன்னாள், உலகம் முழுக்க அதுதான் அளவாம், 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் மருத்துவக் கருவி செய்துவந்த ஷாரியேர் என்பவர் வகுத்தது, 3 பிரெஞ்ச் ஒரு மில்லி மீட்டர். அப்படியென்றால் 14 என்பது ஐந்து மில்லி மீட்டர்கூட இல்லை. இந்த டியூபை எனக்கு மயக்கம் கொடுத்த பிறகுதான் போட்டார்கள், மறுநாள் காலையில் எடுத்துவிட்டார்கள். சில டாக்டர்கள் இதைப் போடுவதே இல்லையாம். நுனியில் சின்ன பலூன் இருக்கிறது, அதில் தண்ணீர் ஏற்றித்தான் டியூப் உள்ளே நிற்கிறது, அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் தானாக வழுக்கி வந்துவிடும். ஆகவே தூக்கக் கலக்கத்தில் நாமாகப் பிடித்து இழுக்கக் கூடாது. எடுத்த பிறகு இரண்டு தடவை சிறுநீர் போகும்போது எரிந்தது, பிறகு இல்லை.

வாயில் போடும் டியூபை எடுத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பாவுக்குப் போட்டது இதுதானே என்றேன். ஆமாம், டியூப் அதேதான், காரணம் வேறு என்றார். அப்பாவால் மூச்சு விட முடியாததால் போட்டார்கள். ஆபரேஷனில் மயக்கம் கொடுத்து உடம்புத் தசையெல்லாம் தளர்ந்து கிடக்க மருந்து கொடுக்கிறார்கள், மூச்சு இழுக்கிற தசையும் அதில் சேர்த்தி, அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் நமக்காக மிஷின் மூச்சு விடுகிறது. நினைவு போன பிறகுதான் உள்ளே போகும், ஆபரேஷன் முடிந்து நாமே மூச்சு விடுகிறோமா, சொன்னால் கண்ணைத் திறக்கிறோமா என்று பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள். எனக்கு "கண்ணைத் தொறங்கம்மா" என்று யாரோ சொன்னது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி ஞாபகம் இருக்கிறது, டியூப் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. இரண்டு நாள் தொண்டை கரகரவென்று இருந்தது. யாருக்காவது மூச்சு சரியாக வரவில்லை என்றால் கூடுதல் நேரம் வைத்திருப்பார்கள், அதையும் சிஸ்டர் மறைக்கவில்லை.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என் கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, வயிற்றில் ஆபரேஷன் செய்கிறவரிடம் பல்லைப் பற்றி எதற்குச் சொல்வது என்று பேசாமல் இருந்தேன். சிஸ்டர் கேட்டதால்தான் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்தது. டியூப் போடும்போது அந்தப் பல் கழன்று உள்ளே போய்விட்டால் என்ன ஆவது? ஆடும் பல், கட்டின பல், ராத்திரிக் குறட்டை, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். குறட்டை விடுகிறவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த ராத்திரி முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்க வேண்டியிருக்கலாம், வெட்கப்பட்டு மறைத்தால் நமக்குத்தான் கஷ்டம்.

மூக்கில் டியூபோடு கண் விழிப்பேனோ என்று நடுங்கினேனே, அது எனக்கு இல்லவே இல்லை. முன்பெல்லாம் நாள்கணக்கில் வைத்திருப்பார்களாம், இப்போது அநேகம் பேருக்குத் தேவைப்படுவதில்லை. வயிற்றுப் பக்கம் உள்ளே சேருகிற நீரும் ரத்தமும் வெளியே வர ஒரு டிரெயின் டியூப் வைத்தார்கள், எல்லோரும் வைப்பதில்லை, மூன்றாம் நாள் எடுக்கும்போது உள்ளிருந்து யாரோ நாடாவை உருவுகிற மாதிரி இரண்டு விநாடி இருந்தது, வலி என்று சொல்ல முடியாது, ஆனால் கூச்சம், சொல்லத் தெரியாத கூச்சம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், மயக்கத்தில் இருந்ததால் பார்க்கக் கொடுத்து வைக்காத விஷயம், இன்னொரு டியூப். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி நீளமாக விடுகிறார்கள். எவ்வளவு அகலம் விடுவது என்பதற்கு அளவுதான் அந்த டியூப். வாய் வழியாக உள்ளே விட்டு, அதை ஒட்டியே ஸ்டேப்ளர் வைத்து வெட்டிக்கொண்டே போய், கடைசியில் உருவிவிடுகிறார்கள். அது 36, 38 பிரெஞ்ச் இருக்கும், ஒரு சென்டி மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஸ்கேல் வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டுகிற அதே வேலை! டாக்டர் இப்படிச் சொல்லியிருந்தால் முதல் நாளே எனக்குப் புரிந்திருக்கும்.

ஒரு சிஸ்டர் இருபது நிமிஷம் செலவழித்தார், நான் பையைக் கீழே வைத்தேன். அந்த இருபது நிமிஷம் அவருடைய வேலையில் சேர்ந்தது இல்லை, அவருடைய இரக்கம். அது மருத்துவமனையின் வேலையாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கையெழுத்து வாங்குகிற பேப்பரைத் தமிழில் கொடுங்கள், ஒவ்வொரு டியூபும் மயக்கத்துக்கு முன்னாலா பின்னாலா, எப்போது வெளியே வரும் என்று எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றை நோயாளி கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் எந்த மருத்துவமனைக்கும் இது பெரிய செலவு இல்லை. உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள், ஆஸ்பத்திரி என்றாலே வாயில் டியூப் வைத்த படத்தைத் தேடிப் பிடித்துப் போடாதீர்கள்.

ஐந்து மாதம் ஆகிறது, 29 கிலோ குறைந்திருக்கிறேன். போன வாரம் பண்ருட்டியிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார், அவருக்கும் அடுத்த மாதம் இதே ஆபரேஷனாம், யாரோ என்னைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சிஸ்டரிடம் கேட்டு வாங்கி வந்த யூரின் டியூப் துண்டை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், சுற்றினார், இழுத்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். டாக்டரிடம் கேட்க வேண்டியதை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். போகும்போது வந்தது வந்தோம் என்று ஒரு பிளவுஸ் துணியை நீட்டினார். துணி இருக்கட்டும்மா, அளவு இப்போது எடுக்க மாட்டேன், ஆறு மாதம் கழித்து வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.