பழுது எர்த் போல்ட்டில், மாற்றியது ஈசிஎம்மை: ரூ. 41,300ஐத் திருப்பிக் கொடுங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

போன மாதம் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் என் கார் நின்றுபோனது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை, சாவியை ஆன் செய்ததும் வழக்கமாக எரியும் செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை. டோ செய்து உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தேன்.

ஸ்கேனருக்கு ஈசிஎம்மோடு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரோடு, தொடர்பு கிடைக்கவில்லை. உங்கள் டெக்னீஷியன் ஈசிஎம் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "12 வோல்ட் வருது சார், எர்த்தும் இருக்கு, ஈசிஎம் போயிருச்சு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. புது ஈசிஎம், அதில் சாவியைப் பதிவது, லேபர் எல்லாம் சேர்த்து ரூ. 41,300 கட்டினேன். வண்டி ஓடியது, நான்கே நாள்.

ஐந்தாம் நாள் வீட்டு வாசலிலேயே அதே கதை. போன் செய்தால், திரும்ப டோ பண்ணிக் கொண்டுவாருங்கள், புதன்கிழமைதான் பார்க்க முடியும் என்கிறீர்கள். அப்புறம் தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கனெக்டரைக் கழற்றவே இல்லை. மாட்டியபடியே பின்பக்கமாக எர்த் பின்னில், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வயரின் பின்னில், குண்டூசியை நுழைத்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்துக்கொண்டு சாவியை ஆன் செய்யச் சொன்னார். எர்த் சரியாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டுமாம். காட்டியது 3.8. கனெக்டரைக் கழற்றிவிட்டால் கரண்ட் ஓடாது, அதனால் எர்த் அரித்துப்போயிருந்தாலும் மீட்டர் முழு 12 காட்டத்தான் செய்யும், "குழாயை மூடி வச்சுக்கிட்டு தண்ணி ப்ரெஷர் பாக்குற மாதிரி தம்பி" என்றார்.

பேட்டரி ட்ரேயைத் தூக்கினால், கீழே எர்த் போல்ட் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயர் நுனியில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடித்து முறுக்கினார். மீட்டர் 0.04. கூலி 350 ரூபாய். ஈசிஎம் மாற்றும்போது நீங்கள் பேட்டரியைக் கழற்றி மாட்டினீர்களே, அதில் அந்த வயர் கொஞ்சம் அசைந்து ஒட்டியதால்தான் நாலு நாள் ஓடியிருக்கிறது.

நல்லவேளையாகப் பழைய ஈசிஎம்மை அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். எதற்கும் மாட்டிப் பார்ப்போம் என்று மாட்டினோம். முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட். இப்போதும் அதில்தான் வண்டி ஓடுகிறது.

பில்லோடு வந்து கேட்டால், சாவி பதிந்த ஈசிஎம் இன்னொரு வண்டிக்கு ஆகாது, ரிட்டர்ன் கிடையாது என்கிறார் உங்கள் சர்வீஸ் சென்டர் மேலாளர். ஆகாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை மாற்றச் சொன்னது நானா? எர்த் பார்த்ததாக ஜாப் கார்டில் டிக் வேறு அடித்திருக்கிறீர்கள்.

புது ஈசிஎம்மை எடுத்துக்கொண்டு ரூ. 41,300ஐ 15 நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம்கூடக் கிடையாது. ஜாப் கார்டு, பில், அந்த போல்ட்டின் படம், மீட்டர் 3.8 காட்டும் வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்