ஆத்தா கால் புண்ணும் கெளம்பச் சொல்ற சேதியும்

வள்ளி,

ஒன் கடிதம் தீவாளிக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துருச்சு, பதில் போட இவ்ளோ நாளாயிருச்சு, கோச்சுக்காத. ஆத்தாவுக்கு கால்ல சக்கர புண்ணு, மூணு மாசமா ஆறவே இல்ல, ஆன்டிபயாடிக் மாத்தி மாத்தி குடுத்தாக, ஆறுற மாதிரி இருக்கும் திரும்ப கசிய ஆரம்பிச்சுரும், ராத்திரியில அவுக முனகுறத கேட்டுக்கிட்டே முழிச்சு கெடப்பேன். கடைசியா காரைக்குடியில ஒரு டாக்டரம்மா புண்ணு மேல இருந்த வழவழப்ப சுரண்டி எடுத்துட்டு, இது பயோஃபிலிம்மா, கிருமியெல்லாம் கூட்டமா ஒட்டி தன்ன சுத்தி பசை போட்டுக்கிட்டு உக்காந்துருக்கு, அதான் மருந்துக்கு அசையலன்னு சொன்னாக.

எனக்கு ஒடனே நம்ம முத்தத்து கல்தொட்டி தான் ஞாபகம் வந்துச்சு. தேங்கா நாரும் சாம்பலும் வச்சு தேய்ப்போமே, தண்ணிய எவ்ளோ ஊத்துனாலும் போகாது, நகத்தால சுரண்டுனா பிசுக்கு மாதிரி விரலோட வரும், அதே சமாச்சாரம் தான் டி. சிக்ரில, அதான் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, இருந்து ரிடையரான பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாக, பைப்புக்குள்ளயும் இப்டி தான் ஒட்டுமாம், அதுக்கு அடியில இரும்பே அரிச்சு போயிருமாம்.

அப்பறம் தூக்கம் வராத ராத்திரியெல்லாம் இதப்பத்தியே படிச்சேன். கூட்டமா ஒட்டுன கிருமிய கொல்ல, தனியா திரியுறத கொல்ற மருந்த மாதிரி ஆயிரம் மடங்கு கூட தேவப்படலாமாம். ஆனா அதுகளே ஒரு நேரத்துல கூட்ட கலச்சுட்டு கெளம்பி போகுது வள்ளி, எனக்கு அது தான் பெரிய ஆச்சரியம். ஒவ்வொரு கிருமிக்குள்ளயும் சைக்ளிக் டை ஜிஎம்பின்னு ஒரு சின்ன பொருள் இருக்கு, அது கூடுனா பசைய சொரந்து ஒட்டி உக்காரும், கொறஞ்சா பசைய விட்டு நீந்த ஆரம்பிச்சுரும். சாப்பாடு சட்டுனு கூடுனாலும் கொறஞ்சாலும் கெளம்பும், கிருமிகளே ஒண்ணுக்கொண்ணு சேதியும் விடும். சூடோமோனாஸ்னு புண்ணுல வர்ற கிருமி ஒரு கொழுப்பு அமிலத்த விடுது, அது பட்டா தன் கூட்டம் மட்டுமில்ல, ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கிற வேற கிருமி, கேண்டிடா காளான் இதுக கட்டுன கூட்டமும் கலையுதுன்னு 2009ல கண்டுபிடிச்சுருக்காக.

நைட்ரிக் ஆக்சைடு இன்னொண்ணு. 2006ல தான் தெரிஞ்சுச்சாம், விஷமா ஆகாத அளவுக்கு துளியூண்டு குடுத்தாலே கூட்டம் கலஞ்சுருதுன்னு. கிருமிக்குள்ள ஒரு என்சைம் கெளம்பி அந்த ஜிஎம்பிய ஒடச்சு போட்டுருது, அதான் காரணம்னு பின்னாடி கண்டுபிடிச்சாக. இத படிச்சப்ப கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஏன்னா அப்பச்சி நெஞ்சு வலிக்கிறப்ப நாக்குக்கு அடியில வச்சுக்கிட்ட மாத்திர ஒடம்புக்குள்ள போயி இதே நைட்ரிக் ஆக்சைட தான் குடுத்து ரத்தக்கொழாய விரிச்சுச்சு. ஒரே வாயு, அங்க ரத்தக்கொழாய்க்கு சேதி, இங்க கிருமிக்கு சேதி.

ஆனா வெறுமனே கலச்சு விட்டா ஆபத்து டி, கெளம்புனதெல்லாம் ரத்தத்துல கலந்து வேற எடத்துல ஒட்டிக்கிடும். அதனால கலைக்கிற சேதியையும் கொல்ற மருந்தையும் ஒண்ணா குடுக்கணும், வெளிய வந்த கிருமி பழையபடி மருந்துக்கு மசியும்ல, அந்த நேரத்த விடக்கூடாது. ஆத்தாவுக்கு அந்த மாதிரி மருந்தெல்லாம் குடுக்கல, சுரண்டி சுத்தம் பண்ணி கையோட ஆன்டிபயாடிக் போட்டாக, சக்கரைய எறக்குனாக. கூட்ட மொதல்ல ஒடச்சுட்டு அப்பறம் மருந்து போடணும்ங்கிற கணக்கு இதுலயும் இருக்கு, இத மூணு மாசம் முன்னாடியே யாராச்சும் பண்ணிருந்தா அவுக இவ்ளோ வலிய பட்டுருக்க வேண்டாம்னு நெனச்சா மனசு ஆறல.

இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங். புண்ணு ஓரத்துல ரோஸ் கலர்ல புதுத்தோலு கோடு மாதிரி ஏறுது, நேத்து செவத்த புடிச்சுக்கிட்டு முகப்பு வரைக்கும் நடந்து வந்து ஒன்னய கேட்டாக. ஒன் முட்டி வலி எப்டி இருக்கு? தைக்கு வர்றப்ப நாலு நாள் தங்குற மாதிரி வா.

மீனாள்