ஞாயிறு தரங்கம்பாடி பயணம்

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்கு மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் கூடுகிறோம். வெயில் ஏறுவதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம், திட்டாதீர்கள்.

டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை இது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே உள்ள அருங்காட்சியகத்துக்கு நுழைவுச் சீட்டு உண்டு, சில்லறை வைத்திருங்கள். அப்புறம் ராஜ வீதியில் நடை. ஜெர்மானிய கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை நடக்கும்; அது முடிந்த பிறகே உள்ளே போவோம்.

என்னைக் கேட்டால், கோட்டையை விட மாசிலாமணிநாதர் கோயில்தான் முக்கியம். பாண்டியர் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. கற்கள் வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

கடலில் யாரும் இறங்கிக் குளிக்க வேண்டாம், கால் நனைப்பதோடு சரி. மதியம் காரைக்காலில் மீன் சாப்பாடு. சைவம் வேண்டுவோர் முன்பே சொல்லுங்கள். மாலை நேரமிருந்தால் பூம்புகார், இல்லையென்றால் நேரே வீடு.

தொப்பி, தண்ணீர் அவரவர் பொறுப்பு. வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், வேன் பேச வேண்டும்.